காத்திருக்க முடிந்தவர்களின் தகுதி

(2025 மே மாதம் ஏற்காட்டில், +2 முடித்த மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று பல ஊர்களிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மே 4 அன்று நீட் எழுதினீர்கள். மே 8 அன்று +2 முடிவு வந்துவிட்டது. நீட் முடிவு ஜூன் 14 என்கிறார்கள். இடையில் கிடக்கும் இந்த வாரங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

போன வருடமும் ஜூன் 14 என்றுதான் சொன்னார்கள். ஆனால் பத்து நாள் முன்னதாக, நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிய ஜூன் 4 அன்று, நாடே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியிட்டார்கள். 67 பேர் 720க்கு 720. 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண். பிறகு வழக்கு, கருணை மதிப்பெண் ரத்து, ஜூன் 23 அன்று மறுதேர்வு. ஜூலை 26இல் வந்த இறுதிப் பட்டியலில் அந்த 67 பேர் 17 பேராகிவிட்டார்கள். கலந்தாய்வு ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதற்குள் அரசு கலைக் கல்லூரிகளில் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கியிருந்தன.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் எரிச்சல். ஒரு பொறியியல் கல்லூரியில் பணம் கட்டி இடம் பிடித்து வைத்துவிட்டு, மருத்துவம் கிடைத்தால் அந்தப் பணத்தை மறந்துவிடலாம். காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகிற வீட்டில் அப்படி முடியாது. 'சும்மாத்தானே இருக்கே' என்று ஜூன் மாதமே பிள்ளையையும் வேலைக்கு அழைப்பார்கள். ஜூலையில் திருப்பூருக்கு ஆள் எடுக்க வருவார்கள். ஆகஸ்டில் பெண் கேட்டு வருவார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். காத்திருக்கச் செலவாகும், அந்தச் செலவுக்கு வங்கியில் கடன் கிடையாது.

நான் 2010இல் +2 முடித்தேன். அப்பா கொத்தனார். முடிவு வந்த அன்றே திண்ணையில் உட்கார்ந்து என் கட்-ஆஃப் கணக்குப் போட்டுவிட்டேன். கணிதத்தை நூறுக்கும், இயற்பியல், வேதியியலைத் தலா ஐம்பதுக்கும் சுருக்கினால் மொத்தம் 200. போன வருடம் எந்தக் கல்லூரி எவ்வளவில் முடிந்தது என்று அண்ணன்மார்களிடம் கேட்டால் தெரியும். 1984இல் வந்த நுழைவுத்தேர்வை அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி 2006இல் சட்டம் போட்டு எடுத்ததால் கிடைத்த வசதி அது. மருத்துவத்துக்கும் இதே போன்ற கணக்குதான். குழுமூர் அனிதாவின் மருத்துவக் கட்-ஆஃப் 200க்கு 196.75. நீட்டில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடிய அந்தத் தங்கையை 2017 செப்டம்பரில் இழந்தோம்.

பழைய முறை பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மலையிலிருந்து இறங்கினால் நாமக்கல், ராசிபுரம். அங்கே பிராய்லர் பள்ளிகள் +1 பாடத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு வருடமும் +2 பாடத்தை உருப்போட வைத்தன. அப்போதும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் அந்தப் போட்டி +2வோடு முடிந்தது. நீட் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுக்கிறது.

ஓய்வுபெற்ற நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கையில் என்னை உலுக்கிய எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில், முந்தைய ஆண்டுகளில் +2 முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 2016-17இல் சுமார் 12 சதவீதம். 2020-21இல் 71 சதவீதத்துக்கும் மேல். ஒரு வருடம், இரண்டு வருடம் சம்பாதிக்காமல் வீட்டில் உட்கார்ந்து, லட்சங்களில் கோச்சிங் கட்டணம் கட்டி, மறுபடி எழுத முடிந்தவர்களுக்கே பெரும்பாலான இடங்கள் போயிருக்கின்றன. இதற்குத் தகுதி என்று பெயர்! தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த நிலமும் அரசு வேலையும் எந்தச் சாதிகளிடம் இருக்கின்றனவோ, அவர்களால் காத்திருக்க முடியும்.

சரி, அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிகள் என்ன செய்கின்றன? அரசுக் கல்லூரி அதைத் தரவரிசையாகப் பார்க்கிறது, ஒரு மதிப்பெண் வித்தியாசம்கூட அங்கே தலையெழுத்து. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் தரவரிசை உண்டு. ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் என்பதால், முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் தாமாகவே விலகிவிடுவார்கள். மீதி வேலையைப் பெர்சன்டைல் செய்கிறது. 50 பெர்சன்டைல் என்றால் பாதி மதிப்பெண் என்று நினைக்காதீர்கள். தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டினால் போதும். பொதுப் பிரிவில் 2022இல் 117, 2023இல் 137, 2024இல் 162 எடுத்தவர்கள் தேறியவர்கள், 720க்கு! போன வருடம் தேறியவர்கள் 13 லட்சம் பேர், நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1.1 லட்சம். இத்தனை பேரைத் தேற வைத்தால்தான் பணம் கட்டக்கூடியவர் யாராவது அகப்படுவார். பட்டமேற்படிப்பில் அந்தப் பாசாங்கும் போய்விட்டது. இடங்கள் நிரம்பவில்லை என்று 2023 செப்டம்பரில் தகுதிப் பெர்சன்டைலைப் பூஜ்யம் ஆக்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு தரும்போது மட்டும் 'தரம் கெடும்' என்று அழுதவர்கள் அன்றைக்கு எங்கே போனார்களோ தெரியவில்லை.

இப்போது இந்த மலைக்கு வருவோம். வெளியூர்க்காரர்களுக்கு ஏற்காடு ஒரு படிப்பு ஊர். 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இந்த மலையின் சொந்தக்காரர்களான மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாள்.

பழங்குடியினர் ஒதுக்கீடு ஒரு சதவீதம். மாநில அரசுக் கல்லூரிகளில் சுமார் 5,000 இடங்கள், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 சதவீதம் போனால், ஒரு சதவீதம் என்பது நாற்பதைச் சுற்றி வரும். அதில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கணக்குப்படி மூன்று இடம். கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை, நீலகிரி, இந்தச் சேர்வராயன், எல்லா மலைக்கும் சேர்த்து மூன்று. மற்ற இடங்களுக்கும் போட்டியிடலாம்தான், ஆனால் அங்கே எதிரில் இரண்டு வருடம் காத்திருந்து வந்தவர் நிற்பார். 7.5 சதவீதம் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். அது வருவதற்கு முந்தைய ஆண்டு மருத்துவ இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் மொத்தமே ஆறு பேர்.

ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் இதே மலையாளி மக்கள் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் இந்தச் சமூகத்தை மாவட்டப் பெயர்களோடு எழுதியபோது, அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதனால் உங்கள் மாமன் மகள் அங்கே பிறந்திருந்தால், அதே மதிப்பெண்ணுக்கு அவள் பழங்குடி கிடையாது.

மதிப்பெண்ணை வேறு மாதிரியும் பார்க்கலாம். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குக் கூடுதல் புள்ளிகள் கொடுத்துச் சேர்த்தது. எங்கிருந்து ஏறி வந்தாய் என்று கேட்டுவிட்டு, எவ்வளவு உயரம் வந்தாய் என்று பார்க்கிற முறை அது. ஆராய்ச்சிப் படிப்புக்கு அதை 2017இல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாடு 2021இலும், ஆளுநர் திருப்பி அனுப்பிய பின் 2022இலும் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதைப் போன மாதம்தான் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். அந்தப் போராட்டம் நடக்கட்டும், நாமும் அதில் இருப்போம்.

ஆனால் ஜூன் 14 வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். பழங்குடிச் சாதிச் சான்றிதழை இங்கே தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கே இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டிவரும், இந்த வாரமே தொடங்குங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றில் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிவிடுங்கள், விடுமுறையில் அவரைத் தேடி அலைய நேரும். சேலம் அரசு கலைக் கல்லூரிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், மருத்துவம் கிடைத்தால் அப்புறம் விட்டுவிடலாம். கால்நடை மருத்துவம், வேளாண்மை இரண்டுக்கும் +2 மதிப்பெண்தான் கணக்கு, நீட்டுக்காக நிற்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் பின்னால் இருக்கிற மேசைக்கு வாருங்கள். மடிக்கணினி இருக்கிறது, இன்றைக்கே பதிவு செய்துவிடலாம். ஆதார் கொண்டு வராதவர்கள் செல்பேசியில் படம் இருந்தால் அதைக் காட்டினாலும் போதும்.