ஈபிள் கோபுரம் பிழைத்த கதை

நம் உறுப்பினர்கள் பலர் பிள்ளை, பெண்ணைப் பார்க்க ஐரோப்பா போய் வருகிறார்கள். வந்ததும் காட்டுகிற முதல் போட்டோ பாரிஸ் ஈபிள் கோபுரத்தின் முன் நின்றதுதான். அந்தக் கோபுரத்தின் ஆயுள் முதலில் 20 வருஷம்தான் என்றால் ஆச்சரியமாக இருக்கும்.

1889 உலகக் கண்காட்சிக்காகக் கட்டினார்கள். குஸ்தாவ் ஈபிள் செலவில் பெரும்பகுதியைத் தாமே திரட்டினார். பதிலுக்கு 20 வருஷம் டிக்கெட் வசூல் அவருக்கு. பிறகு கோபுரம் நகராட்சிக்குச் சொந்தம், வேண்டாமென்றால் பிரித்துவிடலாம். ஊருக்கே அசிங்கம் என்று 1887லேயே எழுத்தாளர்களும் ஓவியர்களும் கண்டனக் கடிதம் வெளியிட்டிருந்தார்கள்.

நான் அரசாங்கத்தில் குத்தகைக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். கெடு முடிகிற வாரத்தில்தான் மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஈபிள் அப்படியில்லை. ஆரம்பத்திலேயே உச்சியில் வானிலைக் கருவிகளை வைத்தார். பிற்பாடு, சுமார் 115 மீட்டர் உயரத்து இரண்டாம் தளத்திலிருந்து கம்பி வழியாகத் தகடுகளை விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தார். ஆம்பியர், கூலும் என்று நாம் பிசிக்ஸில் படித்த பெயர்கள் உள்பட 72 பேர் பெயரைக் கோபுரத்திலேயே பொறித்தும் வைத்தார். கெட்டிக்காரர்!

ஆனால் கோபுரத்தைக் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி. 1898ல் துக்ரெதே என்பவர் அங்கிருந்து 4 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாந்தியனுக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். அந்தக் காலத்து நீண்ட அலைகளுக்கு உயரமான ஏரியல் வேண்டும். 300 மீட்டரில் பாரிஸில் வேறென்ன இருந்தது? 1903ல் ஈபிள், செலவு என்னுடையது, கோபுரத்தை உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று ராணுவத்திடமே போனார். கேப்டன் ஃபெரியே அங்கே நிலையம் அமைத்தார். ராணுவத்துக்கு வேண்டிய ஏரியலை நகராட்சி எப்படிப் பிரிக்கும்? 1910 ஜனவரி முதல் உரிமம் மேலும் 70 வருஷத்துக்கு நீண்டது.

அதே வருஷம் கப்பல்களுக்கு நேர சமிக்ஞை அனுப்ப ஆரம்பித்தார்கள். நடுக்கடலில் தீர்க்கரேகை கணக்கிடச் சரியான நேரம் தெரிந்தாக வேண்டும். தியோடர் வுல்ஃப் என்ற பாதிரியார் எலெக்ட்ரோமீட்டரோடு ஏறியதும் 1910ல்தான். தரையிலிருந்து வரும் கதிர்வீச்சு உச்சியில் அநேகமாக மறைந்துவிடும் என்று நினைத்தார், அவ்வளவு குறையவில்லை. 1912ல் ஹெஸ் பலூனில் பறந்து, அது ஆகாயத்திலிருந்து வருகிறது என்று காட்டினார். காஸ்மிக் கதிர் என்கிறோமே, அதுதான்.

1914 யுத்தத்தில் ஜெர்மன் செய்திகளை ஒட்டுக்கேட்டதும் இந்த ஏரியல்தான். 2022ல் டிஜிட்டல் ரேடியோவுக்காக உச்சியில் புது ஆன்டெனா வைத்தார்கள். கோபுரத்தின் உயரம் இப்போது 330 மீட்டர்.