லாக் புக்கைத் தொலைக்காதீர்கள்!

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் இதயத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. நான் டாக்டர் இல்லை. ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தவன் என் ஹாஸ்டல் ரூம்மேட். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். "பேரைச் சொல்லாதடா, மத்ததெல்லாம் சொல்லு" என்று அனுமதி கொடுத்துவிட்டான்.

2007ஆம் ஆண்டு. மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். அவன் கழுத்தில் ஒரு கட்டி. ஹாட்ஜ்கின் லிம்போமா என்றார்கள்; நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். நெஞ்சுக்குள்ளும் பரவியிருந்தது. முதலில் கீமோ, பிறகு நெஞ்சில் 30 கிரே கதிர்வீச்சு. நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அதுதான். முடி போயிற்று, ஒரு செமஸ்டர் போயிற்று, நோயும் போயிற்று! மெஸ்ஸில் பாயசம் போட்டுக் கொண்டாடினோம். கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

2024ஆம் ஆண்டு, அவனுக்கு 36 வயது. மாடி ஏறினால் நெஞ்சில் பாரம். சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒரு மருத்துவமனையில், "இந்த வயசுல ஹார்ட்டா? கேஸா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பழைய கதையைக் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வேறொரு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சில் கடுகளவு மைப்புள்ளிகள். கதிர்வீச்சுக்காக அன்று பச்சை குத்திய குறிகள்! "கரண்ட் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவனைக் காப்பாற்றியது. ஆஞ்சியோகிராமில், இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

கதிர்வீச்சு என்றால் சூடு என்று நினைக்கிறோம். ஒரு கிரே என்பது ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 கிரே முழுவதையும் ஒரேயடியாகக் கொடுத்தாலும் உடம்புச் சூடு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட ஏறாது. இங்கே வேலை செய்வது சூடு இல்லை. கதிர் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை அறுக்கிறது. புற்றுநோய்ச் செல் அதில் சாகிறது. ஆனால் வழியில் இருக்கும் இதயத்துக்கும் ஒரு பங்கு விழுகிறது. ரத்தக்குழாயின் உள்பூச்சு புண்படுகிறது. மெல்ல மெல்ல கொழுப்பு படிகிறது, தழும்பு இறுகுகிறது. சிலருக்கு இதயத்தைச் சுற்றிய உறை தடிக்கும். சிலருக்கு வால்வு கெடும். மெட்டீரியல்ஸ் வகுப்பில் ஃபெடீக் படித்தோமே, ஷாஃப்ட் பல வருடம் ஒழுங்காகச் சுற்றிவிட்டு ஒருநாள் முறியும். ஏறக்குறைய அந்த மாதிரி.

இதயத்தைக் கதிர் ஒன்றும் செய்யாது என்றுதான் ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லான் போன்றவர்கள் கதிர்வீச்சால் ஹாட்ஜ்கின் நோயைக் குணமாக்கிக் காட்டினார்கள். நோயாளிகள் பல ஆண்டுகள் வாழ்ந்ததால்தான் இந்தப் பின்விளைவே கண்ணில் பட்டது!

மார்பகப் புற்றுநோய்க்கும் இதே கதைதான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் விவரங்களைப் பார்த்தார்கள். இதயம் வாங்கிய சராசரி அளவு ஒரு கிரே கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளின் விகிதம் 7.4 சதவீதம் கூடியது. இடது மார்புக்குச் சிகிச்சை பெற்றவர்களின் இதயத்துக்கு வலது பக்கத்தைவிட அதிக அளவு போயிருந்தது. கவனியுங்கள், நூறு பேரில் ஏழு பேருக்கு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவரவருக்கு ஏற்கெனவே உள்ள அபாயம் அந்த விகிதத்தில் பெருகும். ஆகவே ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகை இவற்றைக் குறைத்தால் பெருகும் தொகையும் குறையும்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் கதிர்வீச்சே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் என் நண்பன் இன்று மூன்றாவது வரிசையில் இருந்திருப்பானா? இன்று சி.டி. ஸ்கேன் பார்த்து இதயத்தை ஒதுக்கித் திட்டமிடுகிறார்கள். இடது மார்பு என்றால், மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்கிறார்கள்; நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிப் போகும். எவ்வளவு எளிய பொறியியல்!

ஆலையில் ஒரு பம்ப்புக்குக்கூட லாக் புக் வைக்கிறோம். இவனுடைய சிகிச்சை ஃபைல் எங்கே கிடந்தது தெரியுமா? பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், எங்கள் ஸ்டெடி மெட்டீரியலோடு!

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் கரண்ட் வைத்திருந்தால், எந்த வருடம், எந்தப் பக்கம், எத்தனை கிரே, என்ன கீமோ என்று எழுதிய காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 20 வருடம் ஆனாலும் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வரியாக அதைச் சொல்லுங்கள். வலி வரும்வரை காத்திருக்காமல், எப்போதெல்லாம் எக்கோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

டேய் ரூம்மேட், உன் ஃபைல் இப்போ எங்கே? ... கையைத் தூக்கிக் காட்டுகிறான் பாருங்கள், பையிலேயே வைத்திருக்கிறான்! அந்த நிம்மதியோடு அமர்கிறேன்.