பார்த்ததை எழுது, பார்க்காததையும் எழுது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவனுக்கு ஆஸ்பத்திரியில் என்னப்பா வேலை?” என்று நம் செயலாளர் அண்ணன் கேட்டார். அமெரிக்காவில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கான மென்பொருள் எழுதுவது என் தொழில். அதற்காக, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியான கரோட்டிடை ஸ்கேன் செய்யும் சோனோகிராஃபர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன்.

நம் ஊரில் பெரும்பாலும் டாக்டரே ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட்டும் எழுதிவிடுகிறார். அங்கே சோனோகிராஃபர் ஸ்கேன் எடுத்து முதல்நிலை அறிக்கை எழுதுவார். டாக்டர் படங்களைப் பார்த்து இறுதி முடிவு சொல்வார். முதல் அறிக்கையில் இருக்க வேண்டியது கண்டதும் அளந்ததும் மட்டுமே. அவசரமாக ஏதாவது தென்பட்டால், எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது; உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அளப்பது ரத்தம் ஓடும் வேகம். ஹோஸ் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுகிறதல்லவா? அதுபோல, குழாய் சுருங்கிய இடத்தில் வேகம் கூடும். 2003-இல் அமெரிக்க நிபுணர் குழு வெளியிட்ட பரிந்துரைப்படி, உள் கரோட்டிடில் உச்ச வேகம் விநாடிக்கு 230 செ.மீ.யைத் தாண்டினால் அடைப்பு 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கலாம். பக்கவாத அறிகுறி கண்டவருக்கு அறுவை சிகிச்சையா என்ற கேள்வி அங்கே வலுவாக எழும்.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். டாப்ளர் சூத்திரத்தில் கோணத்தின் கொசைன் உண்டு. உண்மைக் கோணம் 60 டிகிரி. அதை 65 என்று வைத்துவிட்டால், 200 செ.மீ. வேகத்தைக் கருவி 237 என்று காட்டும். ஐந்தே டிகிரியில் ஆள் கோட்டைத் தாண்டிவிட்டார்! இன்னொரு பக்கம், குழாய் ஏறக்குறைய முழுக்க அடைபட்டால் வேகம் குறைந்தே காட்டலாம். எண்ணை மட்டும் எழுதினால் போதாது. கோணம், படிவின் தோற்றம், அளந்த இடம் எல்லாம் வேண்டும். “சுண்ணாம்புப் படிவின் நிழலால் இந்தப் பகுதி தெரியவில்லை” என்ற வரியும் வேண்டும்.

ஒரு இடத்தில், காலியாக விட்ட கட்டத்தில் ‘நார்மல்’ என்று தானாக விழும்படி செய்யச் சொன்னார்கள். வேலை சீக்கிரம் முடியுமாம். அங்கிருந்த மூத்த சோனோகிராஃபர் அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: “நான் பார்க்காத இடத்துக்கு உங்கள் கம்ப்யூட்டர் எப்படி சாட்சி சொல்லும்?” கட்டம் காலியாகவே இருந்தது, காரணம் எழுதினால்தான் அறிக்கை நகரும் என்று மாற்றினோம்.

தம்பிகளே, தங்கைகளே! லேப் ரெக்கார்டில் விடைக்குத் தக்க ரீடிங் போடும் பழக்கம் எந்தக் கல்லூரிக்கும் புதிதல்ல. ஆனால் நாளைக்கு நீங்கள் எழுதும் எண்ணை நம்பி ஒருவர் கழுத்தில் கத்தி வைக்கலாம், அல்லது வைக்காமல் விடலாம். வந்த ரீடிங்கை எழுதுங்கள். வராததை ‘வரவில்லை’ என்று எழுதுங்கள். அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், அவ்வளவுதான்.