வில்லும் வில்லாளியும்: ஆரணி யோகக் கருத்தரங்கின் தலைமை உரை



ஆரணி என்றதும் பட்டுச் சேலையை நினைப்பவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். நாம் கூடியிருப்பது ஆரணியாற்றங்கரை ஆரணியில். இந்த வட்டாரத்தின் உழைப்பெல்லாம் முன்பக்கம் குனிகிற உழைப்பு. தறியில் குனிகிறோம், நாற்று நடக் குனிகிறோம், சிப்காட் தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் மேல் குனிகிறோம். வேலை முடிந்து வீடு திரும்பினால் கைப்பேசியில் குனிகிறோம். முதுகைப் பின்னோக்கி வளைக்கும் ஆசனங்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

பின்வளைவு ஆசனங்கள் பல உண்டு. அவற்றில் தனுராசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குப்புறப் படுத்து, முழங்காலை மடக்கி, கணுக்கால்களைக் கைகளால் பற்றி, நெஞ்சையும் தொடையையும் உயர்த்தினால் உடல் வில்லாகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆசனம்தான். அதன் வரலாறும் பொருளும் நாம் நினைப்பதுபோல் எளிதாக இல்லை.

முதலில் நூல்கள் சொல்வதைப் பார்ப்போம். பதஞ்சலி தம் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள். நிலையாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்கிறாரே தவிர, எந்த வடிவத்தையும் அவர் வரையறுக்கவில்லை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கும்போது பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம், சுகாதனம் என்று பெயர் சொல்கிறார். எல்லாம் அமரும் நிலைகள். முதுகு வளையும் ஆசனம் அந்த வரிசையில் கிடையாது.

தனுராசனம் என்ற பெயர் 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹட யோகப் பிரதீபிகையில் வருகிறது. அங்கே விவரிக்கப்படும் 15 ஆசனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது நாம் செய்யும் ஆசனம் இல்லை. கால் பெருவிரல்களைக் கைகளால் பற்றி, நாணை இழுப்பதுபோலக் காதுவரை இழுக்கச் சொல்கிறது பிரதீபிகை. இன்று ஆகர்ண தனுராசனம் என்று பயிற்றுவது ஏறக்குறைய இதைத்தான். 32 ஆசனங்களைக் கூறும் கேரண்ட சம்ஹிதை பிந்திய நூல். கால்களை நீட்டி, கைகளால் பின்புறமாகப் பாதங்களைப் பற்றி, உடலையே வில்போல் வளைக்கச் சொல்வது அந்த நூல்தான்.

பெயர் ஒன்று, உடல்கள் இரண்டு. முதல் நூலில் சாதகன் வில்லாளி. வில்லை இழுப்பவன் அவன். அடுத்த நூலில் அவனே வில். அப்படியானால் எய்பவர் யார்? இந்தக் கேள்வியை எந்த நூலும் எழுப்பவில்லை. இது என் வாசிப்பு, அவ்வளவே. ஆனாலும் செய்பவன் கருவியாக மாறும் இந்த இடம் சைவ சித்தாந்தம் பயின்ற தமிழ் மனத்துக்கு அந்நியமானதல்ல. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம்.

தத்துவத்தை ஏற்றும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முண்டக உபநிடதத்தில் பிரணவம் வில், ஆன்மா அம்பு, பிரம்மம் இலக்கு என்ற உவமை உண்டு. தனுராசனம் பற்றிய கையேடுகள் பல இதை எடுத்துவந்து ஒட்டிவிடுகின்றன. ஆசனத்தின் பேச்சே அங்கே இல்லை; உடல் அந்த உவமைக்குள் வரவே இல்லை. பின்வளைவு என்றாலே பணிவு, சரணாகதி என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது. வில்லின் வளைவைப் பணிவு என்று நம்பிவிடாதே, அது தீங்கு குறித்தது என்று கூடா நட்பு அதிகாரத்தில் எச்சரித்தவர் நம் வள்ளுவர். வளைந்தது எதற்காக என்று கேட்காமல் வளைவைக் கொண்டாடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

வளைவு எதற்காக? பதில் வில்லின் இயக்கத்திலேயே இருக்கிறது. வில்லின் விசை நாணில் இல்லை. வளைக்கப்பட்ட கழி நிமிரத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் விசை. நாண் அதைப் பிடித்துவைக்க மட்டுமே செய்கிறது. தனுராசனத்தில் கைகள் நாண், கால்கள் கழி. தொடக்கநிலை மாணவர்கள் கைகளால் கால்களை இழுக்கிறார்கள். தோள் நோகிறது, கழுத்து மடிகிறது, மூச்சு அடைபடுகிறது. தேர்ந்த ஆசிரியர் சொல்வது வேறு: காலை நிமிர்த்தப் பார், கை பிடித்திருக்கட்டும், நெஞ்சு தானாக எழும். இந்த ஆசனத்தின் தத்துவம் ஒரு வரியில் வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: வளைவுக்கு உயிர் தருவது நிமிர்வின் விருப்பம்.

உடற்கூறும் இதற்கு ஒத்துவருகிறது. முதுகெலும்பில் அசையக்கூடிய கணுக்கள் 24. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. மார்புப் பகுதியை விலா எலும்புகள் கட்டிவைத்திருப்பதால் அது பின்னோக்கி அதிகம் வளையாது. அவசரப்படுகிறவர்களின் வளைவு முழுவதும் இடுப்பிலும் கழுத்திலும் குவிந்துவிடுகிறது. வலி அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் புஜங்காசனம், சலபாசனம், பிறகு தனுராசனம் என்று படிப்படியாகக் கற்பிக்கிறார்கள். கர்ப்பிணிகளும், குடலிறக்கம் உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது ஆகாது.

செய்து முடித்தபின் மாற்று ஆசனம் வேண்டும். எந்நேரமும் நாண் பூட்டிய வில் விசை இழக்கும். வில்லாளிகள் வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவைப்பார்கள். 1934இல் யோக மகரந்தம் எழுதி, பின்னாளில் சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் இந்த மாற்று ஆசனத்துக்குப் பிரதிக்கிரியை என்று பெயர். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம், ஆளுக்குத் தக்க ஆசனம் என்ற கொள்கையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது. ஆசனத்துக்கு ஆளை வளைக்கக் கூடாது, ஆளுக்கு ஏற்ப ஆசனம் வளையவேண்டும் என்பதே அதன் சாரம்.

நூல்களுக்கு வெளியேயும் நாம் தேடவேண்டும். நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களில் லலாட திலகம் ஒன்று: காலைப் பின்புறமாகத் தூக்கிப் பெருவிரலால் நெற்றியில் திலகமிடும் நிலை. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 81 கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிதம்பரம் கோபுரங்களில் 108ம் உண்டு. நம் ஊர்க் கழைக்கூத்தாடிகளும் முதுகை வளைத்தே பிழைத்தார்கள். ஹட யோக நூல்கள் பின்வளைவை எழுதிவைப்பதற்கு முன்பே ஆடுகளம் அதை அறிந்திருந்தது. இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததா என்பதை இங்கே வந்திருக்கும் நாட்டிய ஆய்வாளர்கள் சான்றோடு விவாதிக்க வேண்டும்.

நிகழ்காலத்தைப் பற்றி இரண்டு செய்திகள். 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக ஏற்றது. பிள்ளைகளுக்கு மேடை கிடைத்தது நல்லதுதான். ஆனால் மதிப்பெண் வளைவின் அளவுக்குப் போகும்போது, பதஞ்சலி கேட்ட சுகத்துக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்?

அடுத்தது இந்த ஊருக்கானது. ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று தொழிற்சாலை வளாகங்களில் விரிப்புகளைப் பரப்பி யோகா நடத்துகிறோம். நடத்தலாம். ஆனால் வேலை மேசை அரை அடி தாழ்வாக இருப்பதால் ஒருவருக்கு முதுகு வலித்தால், உயர்த்தவேண்டியது மேசையை. ஷிப்டின் நடுவே பத்து நிமிட ஓய்வு தராமல் புஜங்காசனம் கற்றுக்கொடுத்து அனுப்புவது யோகம் ஆகாது. நிமிர விடாத வேலையை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்வைப் போதிக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே கட்டுரையாளர்களிடம் மூன்று கேட்கிறேன். நூல் சொல்வதையும் நீங்கள் ஏற்றும் பொருளையும் தனித்தனியே வையுங்கள். சம்ஸ்கிருத நூல்களோடு தமிழ்ச் சித்தர் சுவடிகளையும் கோயில் கல்லையும் சேர்த்துப் படியுங்கள். பயிற்சி அமர்வில் தறிக்காரரையும் ஆலைத் தொழிலாளியையும் பேசவிட்டு, அவர்கள் முதுகு சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் நிறைவேற்றும் தீர்மானங்களில் மேசை உயரமும் ஓய்வு நேரமும் இடம்பெற வேண்டும் என்று தலைவர் என்ற முறையில் முன்மொழிந்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.