பட்டுப்பூச்சியின் தோற்றமும் எல்லையும்



காஞ்சிபுரத்துத் தறிகளுக்குப் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலுக்கு மூலம் ஒரு சிறு அந்துப்பூச்சியாகும். அது மங்கிய வெண்ணிறமுள்ளது. சிறகுகளை விரித்தால் சுமார் 4 சென்டிமீட்டர் இருக்கும். சிறகிருந்தும் பறவாது, இரையும் கொள்ளாது, சில தினங்களே உயிர் வாழும். இதன் காட்டினம் சீனா, கொரியா, ஜப்பான் தேசங்களில் உண்டு. வீட்டினமோ எவ்வனத்திலும் இல்லை. மனிதன் முசுக்கொட்டை இலையிட்டு வளர்க்குமிடமே அதன் எல்லை.

ஒரு தாய்ப்பூச்சி சுமார் 400 முட்டைகள் இடும். தாய்க்குப் பெப்ரின் என்னும் நோயிருப்பின், அது முட்டை வழியே புழுக்களைப் பற்றி விளைச்சல் முழுவதையும் அழிக்கக்கூடும். பிரான்சு தேசத்தில் 1865 முதல் 1870 வரை இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர், முட்டையிட்ட தாயை நுண்பெருக்கியில் சோதித்து, நோயுள்ளதன் முட்டைகளை அழித்துவிடும் முறையை வகுத்தார். இன்றும் அதுவே காப்பு.

ஆகையால், புழு வளர்ப்போர் மலிவைக் கருதிக் கண்ட முட்டைகளை வாங்கலாகாது. சோதித்த முட்டைகளையே சங்கத்தின் மூலம் ஒருங்கே வாங்குதல் நலம். ஒரு மனையில் புகுந்த நோய் அண்டை மனைக்கும் பரவும். கூடு குறைந்தால் நூல் குறையும். நூல் குறைந்தால் காஞ்சித் தறியும் ஓயும்.