மதிலுக்கு அப்பாலிருந்து வரும் குரல்

(‘மதிலுகள்’ திரைப்படத் திரையிடலையொட்டி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய ‘மதிலுகள்’ அளவில் மிகச் சிறிய நாவல். கவிஞர் சுகுமாரனின் மொழிபெயர்ப்பில் ‘மதில்கள்’ என்ற பெயரில் அது தமிழிலும் கிடைக்கிறது. அந்த நாவலை அடூர் கோபாலகிருஷ்ணன் திரைப்படமாக்கினார். பஷீராக மம்மூட்டி நடித்தார். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் ஆகிய தேசிய விருதுகள் இப்படத்திற்குக் கிடைத்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்தியச் சிறை குறித்த உரையாடலை இப்படத்திலிருந்து தொடங்க முடிகிறது. அதற்கான காரணம் படத்தின் கலை மேன்மை மட்டுமன்று. சிறைக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்ற கேள்வி இன்றும் விடையின்றி நிற்பதே காரணம்.

எழுத்தாளர் எதற்காகச் சிறை சென்றார்?

பஷீரின் சிறை அனுபவம் கற்பனையானதல்ல. 1930இல் கோழிக்கோட்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்றுக் கண்ணூர் சிறைக்குச் சென்றவர் அவர். பின்னர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் திவான் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்து எழுதினார். அதற்காகவே 1940களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். எழுதியதைத் தவிர வேறு குற்றம் எதையும் அவர் செய்யவில்லை. எழுத்தைக் கண்டு அஞ்சிய அந்த ஆட்சிதான் 1946இல் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் சுட்டுக் கொன்றது. பேனாவைப் பூட்டிய கையும் துப்பாக்கியை நீட்டிய கையும் ஒன்றே.

அடூரின் படம் இந்த வரலாற்றை முழக்கங்களாகச் சொல்லவில்லை. பஷீர் சிறைக்கு வருகிறார். ரோஜாத் தோட்டம் போடுகிறார். கடுந்தேநீர் தயாரிக்கிறார். வார்டர்களோடும் கைதிகளோடும் வேடிக்கையாகப் பேசுகிறார். பின்னர் அரசியல் கைதிகளுக்கு விடுதலை ஆணை வருகிறது. அந்தப் பட்டியலில் பஷீரின் பெயர் இல்லை. நண்பர்கள் அனைவரும் சென்றபின் தனிமை அவரை அழுத்துகிறது. தப்பிச் செல்லத் திட்டமிடுகிறார். அப்போதுதான் பெண்கள் சிறையைப் பிரிக்கும் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. ஆயுள் தண்டனைக் கைதி நாராயணியின் குரல் அது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மதிலுக்கு மேலே எறியப்படும் காய்ந்த சுள்ளிதான் அவள் வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம். அவள் கேட்கும் ரோஜாச் செடி மதிலைத் தாண்டிச் செல்கிறது. சிறை மருத்துவமனையில் சந்திப்பதென்று நாளும் குறிக்கிறார்கள். அந்தச் சந்திப்பு நிகழ்வதற்குள் பஷீருக்கு விடுதலை ஆணை வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் ஏங்கித் தவித்த விடுதலையை, இது யாருக்கு வேண்டும் என்று கேட்கும் நிலையில் அவர் நிற்கிறார்.

நாராயணிக்கு ஏன் முகம் இல்லை?

பஷீரின் இந்தக் கேள்வியைக் காதலின் ஏக்கமாக மட்டும் பார்ப்பது எளிது. விடுதலையின் மீது அவருக்கு வெறுப்பு ஏற்பட்டுவிட்டதாகப் பொருள் கொள்வதும் தவறு. வெளியே அந்நிய ஆட்சியும் திவான் ஆட்சியும் அப்படியே இருக்கின்றன. வெளியுலகமும் ஒரு பெரிய சிறைதான். உள்ளே, மதிலுக்கு அப்பால் ஒருத்தி அப்படியே இருக்கிறாள். இவ்விரண்டிற்கும் இடையில் தனி ஒருவருக்குக் கொடுக்கப்படும் விடுதலை எவ்வளவு குறைபட்டது என்பதையே அந்தக் கேள்வி உணர்த்துகிறது.

நாவலில் நாராயணியை பஷீர் பார்ப்பதில்லை. படத்தில் பார்வையாளரும் பார்ப்பதில்லை. ஒரு நடிகையைக் கொண்டுவந்து நிறுத்துவது அடூருக்குக் கடினமான செயலன்று. ஆனாலும் அவர் அதைச் செய்யவில்லை. குரலை மட்டும் கொடுத்தார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் கே.பி.ஏ.சி. லலிதா. ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தைக் கேரளத்தின் ஊர்தோறும் கொண்டுசென்ற கேரள மக்கள் கலைக்கழகத்தின் மேடையில் நடித்து, அதன் பெயரையே தன் பெயரோடு சுமந்தவர் அவர். மலையாளிகள் அனைவருக்கும் பழக்கமான குரல் என்பதால் அந்தத் தேர்வு அன்று விமர்சிக்கவும்பட்டது. எனினும் அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மக்கள் மேடையில் ஒலித்த குரலே, முகம் மறைக்கப்பட்ட ஒரு பெண் கைதியின் குரலாகவும் ஒலித்தது.

படத்தில் இன்னொரு வேறுபாடும் பதிவாகியிருக்கிறது. அரசியல் கைதிக்குத் தோட்டமும் தேநீரும் அதிகாரிகளின் மரியாதையும் கிடைக்கின்றன. பஷீர் விடுதலையாகி உலகமறிந்த எழுத்தாளரானார். நாராயணிக்காகக் கூட்டம் நடத்தவோ மனு எழுதவோ வெளியே எவரும் இல்லை. சிறைக்குள்ளும் வர்க்கம் உண்டு என்பதை இடதுசாரிப் பார்வையாளர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

இன்று மதிலுக்கு உள்ளே யார்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் சுமார் 5.73 லட்சம் பேர். அவர்களில் சுமார் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, சிறையில் இருக்கும் நால்வரில் மூவர் மீது குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. அவர்களில் தலித்துகள், ஆதிவாசிகள், முஸ்லிம்கள் ஆகியோரின் பங்கு மக்கள் தொகையில் அவர்களுக்குரிய பங்கைவிட அதிகம். பிணை கிடைத்தும் பிணைத்தொகை கட்ட வழியின்றி உள்ளே கிடப்போரும் உண்டு.

மதிலுக்குள்ளும் மதில்கள் எழுப்பப்பட்டிருந்தன. சமைக்க ஒரு சாதி, கூட்டிப் பெருக்கவும் கழிவறை கழுவவும் வேறு சாதி என்று பல மாநிலங்களின் சிறைக் கையேடுகள் பிரித்து வைத்திருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானவை என்று அறிவித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. குடியரசு மலர்ந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே இத்தீர்ப்பு வந்தது.

பஷீர் காலமானது 1994 ஜூலை 5. அதே ஜூலை 5இல், 2021ஆம் ஆண்டு, பாதிரியார் ஸ்டேன் சுவாமி மும்பை மருத்துவமனை ஒன்றில் கைதியாகவே உயிரிழந்தார். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வாழ்வைக் கழித்தவர் அவர். நக்சலைட்டுகள் என்ற முத்திரையோடு விசாரணையின்றிச் சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர். நாராயணி போன்றோரின் குரலைக் கேட்டவர் என்றே அவரைச் சொல்லலாம். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் ‘உபா’ சட்டத்தின்கீழ் அவர் கைது செய்யப்பட்டபோது வயது 83. நடுக்குவாத நோயால் குவளையைக் கையில் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சுகுழல் வேண்டி நீதிமன்றத்தில் மனுச் செய்ய நேர்ந்தது. விசாரணை தொடங்காமலே, பிணை கிடைக்காமலே அவர் மரணமடைந்தார். திவானின் சிறையில் எழுத்தாளர் தேநீர் தயாரித்துக் குடிக்க முடிந்தது. குடியரசின் சிறையில் ஒரு முதியவர் தண்ணீர் குடிக்க வழக்காட வேண்டியிருந்தது.

கேட்பதும் செய்வதும்

படம் பார்த்து மனம் கனத்துக் கலைவது போதாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவின்படி, முதன்முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும். அத்தகையோருக்காக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவும் இருக்கிறது. இந்தச் சட்டத்திற்குப் பெரிய ஓட்டைகளும் உண்டு. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் பொருந்தாது. போராடுவோர் மீது வழக்குமேல் வழக்காக ஏன் போடப்படுகிறது என்பது இங்கே விளங்கும்.

எனவே கடமைகள் இரண்டு. ‘உபா’ உள்ளிட்ட கொடுஞ்சட்டங்களை எதிர்த்து அரசியல் கைதிகளின் விடுதலைக்காகப் போராடுவது ஒன்று. இதில் இடதுசாரி இயக்கத்திற்கு நீண்ட மரபு உண்டு. மற்றொன்று, எந்தக் கொடியும் இல்லாத, பெயர் தெரியாத விசாரணைக் கைதிகளின் பட்டியலை ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்டுப் பெற்று, வழக்குரைஞர் அமைப்புகளின் துணையோடு அவர்களை வெளியே கொண்டுவருவது. முதலாவது பஷீருக்கானது. இரண்டாவது நாராயணிக்கானது. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவது நிறைவு பெறாது.

நாராயணி மதிலுக்கு மேலே சுள்ளியை எறிந்துகொண்டே இருக்கிறாள். இந்தப் பக்கத்திலிருந்து யாரேனும் பதில் சொல்ல வேண்டும்.