துக்கம் விசாரிக்க யாரும் வராத துக்கம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"சார், பத்து நிமிஷம்தான், பிரியாணி ஆறிடும்" என்று செயலாளர் காதோரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆம்பூர்க்காரர்கள் நிறைந்த சபையில் பிரியாணியோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் இதுவரை யாரும் இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இளைஞரும் இலக்கியமும்'. அது பெரிய கடல். அதில் ஒரு சொம்புத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பதினாறு, பதினேழு வயதில் வருகிற காதல், அது கைகூடாமல் போகும்போது வருகிற துக்கம், அந்தத் துக்கத்தில் சிலருக்கு மனமே நோய்ப்படுவது. இவற்றைச் சொல்லும் கதைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். "பசங்க கெட்டுப்போறதே இதையெல்லாம் படிச்சுத்தான்" என்று நம்மில் பலர் வீட்டில் சொல்கிறோம், இல்லையா?

என் பேத்தி ஓர் ஆங்கில நாவலை ராத்திரி இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தாள். ஜெனிஃபர் நிவன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2015-இல் வெளியிட்ட 'ஆல் தி பிரைட் பிளேசஸ்'. நானும் வாங்கிப் படித்தேன். விபத்தில் அக்காவைப் பறிகொடுத்த ஒரு பெண். அவளை மீட்டெடுக்கிற ஒரு பையன். அந்தப் பையனுக்கே மனநோய் இருப்பதை அவன் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அவனை இழக்கிறோம். படித்து முடித்ததும், "இது அமெரிக்காக் கதை, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று மூடி வைக்க என்னால் முடியவில்லை. ஏனென்றால் இந்தக் கதையை நம் மண்ணில் ஒருவர் முன்பே எழுதிவிட்டார்.

அவர் டாக்டர் மு.வ. திருக்குறள் தெளிவுரை மூலம் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வாலாஜாபேட்டைப் பக்கம் வேலம் அவருடைய ஊர். திருப்பத்தூரில் தாலுகா ஆபீஸ் எழுத்தராகவும் பள்ளித் தமிழாசிரியராகவும் இருந்தவர். நம்ம ஆள்! அவருடைய 'அகல் விளக்கு' நாவலுக்கு 1961-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அதில் வேலய்யன், சந்திரன் என்று இரண்டு பையன்கள். சந்திரன் பெருங்காஞ்சியிலிருந்து வாலாஜாபேட்டைக்குப் படிக்க வருகிறான். அழகன், கெட்டிக்காரன். சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போகிறான். அங்கே இமாவதி என்ற பெண் நட்பாகப் பழகுகிறாள். இவன் அதைக் காதல் என்று நினைத்துக்கொள்கிறான். அவளுக்கு வேறு இடத்தில் திருமணம் என்று தெரிந்ததும் உடைந்துபோகிறான். படிப்பு போகிறது. சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விடுகிறான். கடைசியில் தொழுநோயோடு திரும்பி வந்து செத்துப்போகிறான்.

நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் இதுதான்: "சந்திரன் மனசை அடக்கத் தெரியாதவன், அதனால் அழிந்தான். வேலய்யன் அகல் விளக்குப் போல நிதானமாக எரிந்தான், அதனால் வாழ்ந்தான்." மு.வ.வும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதியிருக்கிறார். அவர் மீது எனக்குள்ள மரியாதை குறையாமலே ஒன்றைச் சொல்கிறேன். சந்திரனுடைய தவறுகளை எண்ணிப் பார்த்த நாம், அவனுடைய நோயை எண்ணிப் பார்க்கவில்லை.

நாவல் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அது ஐம்பதுகளின் கடைசி. வாலாஜாவிலிருந்து பஸ் ஏறினால் வேலூர் எவ்வளவு தூரம்? அந்த வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-லேயே தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. தொழுநோய் பாவத்தின் சம்பளம் இல்லை, வைத்தியம் உள்ள ஒரு வியாதி என்று அங்கே மருத்துவர்கள் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். 1957-இல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் தொடங்கியது. டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற அம்மையாரின் முயற்சி அது. மனநோயாளியைச் சங்கிலி போட்டுப் பூட்டுவதுதான் வழக்கமாயிருந்த காலத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கவேண்டும் என்று அங்கே வைத்தார்கள். அம்மாவோ, அண்ணனோ கூட இருந்து, நோய் என்ன, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொண்டு போனார்கள். சந்திரனை யாராவது பாகாயத்துக்கு அழைத்துப் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

சரி, இது கற்பனைப் பாத்திரம். நிஜத்துக்கு வருவோம். வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை, 10 வயது முதல் 19 வயது வரையிலான பிள்ளைகள் எப்படி இறந்தார்கள் என்று சி.எம்.சி. மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். 2004-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் அது வெளிவந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்பிள்ளைகளுக்கு 148 பேர், ஆண்பிள்ளைகளில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதில் இறந்த பெண்பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படிப் போனவர்கள். இது பழைய கணக்கு. எல்லாவற்றுக்கும் காதல்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அவர்கள் நம் பஸ்ஸில் வந்த பிள்ளைகள், நம் கடையில் பேனா வாங்கிய பிள்ளைகள்.

நான் முப்பது வருஷம் ஷூ கம்பெனிகளில் டைம் ஆபீசில் இருந்தவன். ஒரு கம்பெனியில் அப்பர் தைக்கிற லைனில் ஒரு பெண். பத்தொன்பது வயசு. டேனரியில் வேலை பார்த்த ஒரு பையனோடு பழக்கம், வீட்டுக்குத் தெரியாது. ஒருநாள் பைபாஸ் ரோட்டில் பைக் விபத்தில் அவன் போய்விட்டான். அந்தப் பெண்ணால் சாவு வீட்டுக்குப் போக முடியுமா? என்ன உறவு சொல்லிப் போவாள்? வீட்டில் உட்கார்ந்து அழக்கூட முடியாது. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். தையல் கோணிக்கொண்டே போனது.

லைனில் பக்கத்து மெஷின் அக்கா ஒருத்தி, படிக்காதவர், விஷயத்தைப் புரிந்துகொண்டார். டீ டைமில் ஓரமாக அழைத்துப் போய், "என்னம்மா ஆச்சு? என்கிட்ட சொல்லு, நான் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று கேட்டார். அப்புறம் என்னிடம் லீவு கேட்டு வந்தார்கள். படிவத்தில் காரணம் எழுதவேண்டும். கணவன் என்றால் எழுதலாம், அண்ணன் என்றால் எழுதலாம். இதற்கு என்ன எழுதுவது? 'காய்ச்சல்' என்று எழுதினோம். இரண்டு மாதம் கழித்தும் தூக்கமில்லை, சாப்பாடில்லை என்றதும் அந்த அக்காவே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இன்று அந்தப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள், நன்றாக இருக்கிறாள்.

நண்பர்களே, நம்மவர்கள் துக்கம் விசாரிப்பதில் குறை வைக்காதவர்கள். எந்த மதமானாலும், எந்தத் தெருவானாலும், சாவு என்றால் போட்டது போட்டபடி ஓடுகிறோம். ஆனால் பிள்ளைகளின் இந்தத் துக்கத்துக்கு மட்டும் விசாரிக்க யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில் இந்தக் கதைப் புத்தகங்கள்தான் அவர்களை விசாரிக்க வருகின்றன. "உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் இப்படி நடந்தது" என்று பக்கத்தில் உட்காருகின்றன.

பயமும் நியாயமானதுதான். 1774-இல் ஜெர்மன் கவிஞர் கதே எழுதிய வெர்தர் கதையைப் படித்து இளைஞர்கள் சாகிறார்கள் என்று பயந்து லைப்சிக் நகரில் அந்தப் புத்தகத்தைத் தடையே செய்தார்கள். சாவை அழகாக்கிச் சொன்னால் ஆபத்து. தவித்தவன் உதவி தேடி மீண்ட வழியைச் சொன்னால் அது துணை என்று இன்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு, "அந்தப் பையனை யாராவது கேட்டிருக்கலாமே, நீ என்னம்மா நினைக்கிறே?" என்று பேச்சை ஆரம்பியுங்கள்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். இந்த ஆண்டு நன்கொடையில் ஒரு பங்கு, கல்லூரி நூலகத்தில் இப்படிப்பட்ட நாவல்களுக்கு ஓர் அலமாரி. அதில் முதல் புத்தகம் 'அகல் விளக்கு'. இரண்டாவது, 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அதைப் பெரிய எழுத்தில் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும்.

பின்வரிசைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் சொல்ல முடியாத துக்கம் இருந்தால், லைனில் அந்த அக்கா மாதிரி ஒருத்தர் உங்கள் பக்கத்திலும் இருப்பார். தேடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் இந்த மண்டபத்தில் நரைத்த தலைகள் எத்தனை இருக்கின்றன பாருங்கள், யாரிடம் வேண்டுமானாலும் வாருங்கள். லீவு லெட்டருக்குக் காரணம் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.